பத்து வாதைகளும் எகிப்தியத் தெய்வங்களும்: சொல்வழி ஒரு மறுமதிப்பீடு

1. முன்னுரை

பழைய ஏற்பாட்டின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்தின் ஏழாம் அதிகாரம் முதல் பன்னிரண்டாம் அதிகாரம் வரையுள்ள பகுதி, எகிப்து நாட்டின்மீது அடுத்தடுத்து வந்த அழிவுகளைக் கூறுகிறது. நதி குருதியாதல், தவளை, பேன், பூச்சித்திரள், கால்நடைக் கொள்ளைநோய், கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, இருள், தலைப்பிள்ளைகளின் சாவு என்பன அவை. இவற்றை விளக்குவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஒவ்வொரு வாதையும் எகிப்தியர் வணங்கிய ஒரு குறிப்பிட்ட தெய்வத்திற்கு விடுக்கப்பட்ட அறைகூவல் என்பதே அக்கருத்து. விளக்கவுரைகளிலும், பதிப்பாசிரியர்களின் அடிக்குறிப்புகளிலும், மொழிபெயர்ப்பாளர்களுக்கான கையேடுகளிலும் இஃது ஓர் அட்டவணையாகவே இடம்பெறுவதைக் காணலாம்.

இவ்வட்டவணை மூலத்தின் சொற்களிலிருந்து எழுந்ததா, மூலத்தின்மேல் ஏற்றப்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எகிப்தியச் சமயத்திற்கு இப்பகுதி அறைகூவல் விடுக்கிறது என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. அந்த அறைகூவல் எங்கே நிகழ்கிறது என்பதே வினா. தெய்வங்களின் வரிசையில் அன்று, எகிப்திய அரசனைச் சூழ்ந்திருந்த சொல்வழக்கில்தான் அது நிகழ்கிறது என்பது இங்கு நிறுவ முயலும் கருத்தாகும். இஃது ஏற்கப்படுமாயின், மொழிபெயர்ப்பாளரின் கடமை அடிக்குறிப்பில் தெய்வப் பெயர் சேர்ப்பதாக இராது; மூலத்தில் மீண்டும் மீண்டும் வரும் சில சொற்களைச் சிதையாமல் காப்பதாக அமையும்.

அதிகார, வசன எண்கள் தமிழ் வேதாகமத்தைப் பின்பற்றித் தரப்படுகின்றன. எபிரேயப் பதிப்புகளில் எட்டாம் அதிகாரத்தின் எண்கள் சற்று வேறுபடும். எபிரேயச் சொற்கள் தமிழ் ஒலிக்கு இயன்ற அளவில் எழுதப்பட்டுள்ளன. எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் காட்டாமையால், அம்மொழிச் சொற்களில் வரும் உயிர்கள் ஆய்வாளர் மரபை ஒட்டியவையே.

2. அட்டவணையின் வரலாறு

இவ்விளக்கம் புதியதன்று. கிரேக்க மொழியில் எழுந்த 'சாலமோனின் ஞானம்' என்னும் நூல், விலங்குகளை வணங்கியோர் விலங்குகளாலேயே ஒறுக்கப்பட்டனர் என்னும் கருத்தைத் தன் 11, 12ஆம் அதிகாரங்களில் விரிக்கிறது. நதி முதலில் அடிக்கப்பட்டது எகிப்தியர் அதனை வணங்கியமையால் என்று யூத மரபின் 'யாத்திராகம ரப்பா' கூறும். ஆயினும் அக்காலத்தில் இதுவே ஒரே விளக்கமாக இருக்கவில்லை. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோ, வாதைகளை நிலம், நீர், தீ, காற்று என்னும் பூதங்களின் அடிப்படையிலும், அவற்றை நிகழ்த்தியோர் யார் என்பதன் அடிப்படையிலும் வகைப்படுத்தினார். எகிப்திய மண்ணிலேயே வாழ்ந்து, கோயில்களையும் விழாக்களையும் கண்ணால் கண்டிருக்கக்கூடிய அவர், பத்துத் தெய்வங்களுக்குப் பத்து வாதைகள் என்று வகுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

நவீன காலத்தில் 1794இல் ஜேக்கப் பிரையன்ட் வெளியிட்ட நூல் வாதைகளை எகிப்திய வழிபாட்டோடு இணைத்து விரிவாகப் பேசியது. 1971இல் ஜான் டேவிஸ் எழுதிய 'மோசேயும் எகிப்தின் தெய்வங்களும்' என்னும் நூல் இக்கருத்தைப் பொதுப் படிப்பாளரிடம் பரப்பியது. இதற்கு மாற்றாக, கிரேட்டா ஹோர்ட் 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் வாதைகளை நைல் வெள்ளத்தோடு தொடர்புடைய இயற்கை நிகழ்ச்சிகளின் சங்கிலியாகக் காட்டினார். சியோனி செவிட் 1990இல், ஆதியாகமத்தின் படைப்புக் கதையைத் தலைகீழாக்கும் அமைப்பாக இவற்றைப் படித்தார். இவ்விளக்கங்களுள் பொதுமக்களிடையே மிகுதியாக வேரூன்றியது அட்டவணை விளக்கமே. அஃது எளிதில் நினைவில் நிற்பதும், வகுப்பறைக்கும் மேடைக்கும் ஏற்றதாக இருப்பதும் இதற்குக் காரணங்கள் எனலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இந்நிகழ்ச்சிகள் வரலாற்றில் நடந்தனவா என்பது இக்கட்டுரையின் வினா அன்று. இஸ்ரவேல் என்னும் பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய எகிப்தியச் சான்றாகிய மெர்நெப்தாவின் கல்வெட்டு (ஏறத்தாழ கி.மு. 1208) வாதைகளைப் பற்றி எதுவும் கூறவில்லை. நதி குருதியாயிற்று எனப் பேசும் 'இபுவேரின் புலம்பல்' பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அது நாட்டின் ஒழுங்கு குலைந்ததைப் பாடும் இலக்கிய வகையைச் சார்ந்தது. பல ஆய்வாளர் அதன் ஆக்கத்தை மத்திய அரசுக் காலத்தை ஒட்டியதாகக் கொள்வர். அதனை யாத்திராகமத்தின் சாட்சியாக நிறுத்துதல் பொருந்தாது.

3. அட்டவணையின் குறைகள்

முதற்குறை மூலத்தின் மௌனம். வாதைகளை விவரிக்கும் ஆறு அதிகாரங்களில் ஓர் எகிப்தியத் தெய்வத்தின் பெயரேனும் சொல்லப்படவில்லை. எகிப்தின் தெய்வங்கள்மேல் தீர்ப்பு வரும் என்னும் செய்தி 12:12இல்தான், அதுவும் இறுதி வாதையை ஒட்டித்தான் வருகிறது. எண்ணாகமம் 33:4 அதனை எதிரொலிக்கிறது. ஈரிடங்களிலும் வரும் 'ஷெபாதீம்' என்னும் பன்மைச் சொல் தீர்ப்புகளைக் குறிக்கும். 12:12 'எல்லாத் தெய்வங்களும்' என்று தொகுத்துச் சொல்கிறதேயன்றி, இன்ன வாதை இன்ன தெய்வத்திற்கு எனப் பகுத்துச் சொல்லவில்லை. தொகையாகச் சொன்னதை வகையாக மாற்றுவது உரையாசிரியரின் செயலே.

இரண்டாவது, எண்ணும் வரிசையும். பத்து என்னும் எண் யாத்திராகமத்தில் சொல்லப்படவில்லை. அது யூபிலி நூல், மிஷ்னா முதலிய பிற்கால நூல்களில்தான் வெளிப்படையாகக் காணப்படுகிறது. வாதைகளைப் பாடும் இரு சங்கீதங்களும் வேறு வரிசையைத் தருகின்றன. 105ஆம் சங்கீதம் இருளில் தொடங்குகிறது; கால்நடைக் கொள்ளைநோயையும் கொப்புளத்தையும் கூறவில்லை. 78ஆம் சங்கீதத்தில் பேன், கொப்புளம், இருள் ஆகியன இல்லை. ஒவ்வொரு வாதையும் ஒரு தெய்வத்திற்கு எனக் கட்டப்பட்டிருந்தால், பாடகர்கள் எண்ணையும் வரிசையையும் இவ்வளவு எளிதாக மாற்றியிருப்பரோ என்பது ஐயமே. எகிப்தியக் கதிரவனை வீழ்த்திய உச்சமாக அட்டவணைகள் கொண்டாடும் இருள், ஒரு சங்கீதத்தில் முதலாவதாக நிற்கிறது. மற்றொன்றில் இல்லவே இல்லை.

மூன்றாவது, தெய்வங்களைப் பற்றிய பிழையான புரிதல். முதல் வாதைக்கு நேராக ஹாபி என்னும் தெய்வத்தை எழுதுவது வழக்கம். ஆனால் எகிப்திய மொழியில் நதிக்கும் ஹாபிக்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. நதி 'இதெரு' எனப்பட்டது. ஹாபி என்பது ஆண்டுதோறும் வரும் வெள்ளப்பெருக்கின் தெய்வம். எபிரேய நூல் ஆளும் 'யெஓர்' என்னும் சொல் 'இதெரு' என்பதன் பிற்கால வடிவத்திலிருந்து கடன் பெற்றது. எனவே நூலாசிரியர் தேர்ந்தது ஆற்றின் பெயரையே. வெள்ளத் தெய்வத்தின் பெயரை அவர் தொடவில்லை.

தவளைக்கு நேராக ஹெகெத் நிறுத்தப்படுகிறாள். அவள் தவளை வடிவினள், மகப்பேற்றைக் காப்பவள் என்பது உண்மையே. ஆயினும் 8:7இல் எகிப்திய மந்திரவாதிகளும் தவளைகளை வரச்செய்கின்றனர். தவளை பெருகுதல் ஹெகெத்தின் தோல்வி என்றால், அவளுடைய தோல்வியை அவளுடைய நாட்டவரே பெருக்கினர் என்று கொள்ள நேரும். கொப்புளத்திற்கு நேராக இம்ஹோதெப் காட்டப்படுவதும் உண்டு. அவர் மருத்துவத் தெய்வமாகப் பரவலாக வழிபடப்பட்டது கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில்தான். கதையைக் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் வைக்கும் உரையாசிரியர்களே இவரையும் அட்டவணையில் சேர்ப்பது தமக்குத் தாமே முரண்படுவதாகும்.

நான்காவது குறை தமிழ்ப் படிப்பாளரை நேரடியாகத் தாக்குவது. நான்காம் வாதைக்குரிய எபிரேயச் சொல் 'ஆரோப்'. இதன் பொருள் உறுதியாகத் தெரியவில்லை. கலப்பு, திரள் என்னும் கருத்துடையதாகப் பலர் கொள்வர். கிரேக்க மொழிபெயர்ப்பு இதனை நாய்களை மொய்க்கும் ஈ எனப் பெயர்த்தது. பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளியான தமிழ் வேதாகமம் 'வண்டு' என்னும் சொல்லைத் தேர்ந்தது. அட்டவணையோ இவ்வாதைக்கு நேராகச் சாணவண்டின் வடிவில் அமைந்த கெப்ரி என்னும் தெய்வத்தை வைக்கிறது. தமிழில் படிப்பவர் வண்டையும் வண்டுத் தெய்வத்தையும் ஒருங்கே கண்டு, இணைப்பு மூலத்திலேயே உள்ளது என நம்பிவிடுவார். உண்மையில் அது மொழிபெயர்ப்பில் நேர்ந்த தற்செயல் ஒற்றுமையே. அட்டவணையை உறுதிப்படுத்துவதுபோல் தோன்றும் சான்றுகள் எங்ஙனம் உருவாகின்றன என்பதற்கு இதனை நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

4. அறைகூவல் நிகழும் இடம்: அரசனின் சொல்வழக்கு

அட்டவணையை விலக்கிவிட்டு மூலத்தை மட்டும் படித்தால், மோதல் இருவர்க்கிடையே நிகழ்வது புலனாகும். ஒருபக்கம் கர்த்தர், மறுபக்கம் பார்வோன். எகிப்தியக் கொள்கைப்படி அரசன் வெறும் ஆட்சியாளன் அல்லன். அவன் ஹோரஸின் வடிவம். கதிரவக் கடவுளாகிய ரேயின் மகன். 'மாஅத்' என்னும் உலக ஒழுங்கை நிலைநிறுத்தும் பொறுப்புடையவன். தெய்வங்களுக்கும் மக்களுக்கும் இடைநின்றவன் அவனே. ஆகவே அச்சமயத்தின் மையத்தைத் தொட விரும்பும் நூலாசிரியர்க்கு, நூற்றுக்கணக்கான தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டிய தேவையில்லை. அரசனைத் தொட்டால் போதும்.

இம்மோதல் வாதைகளுக்கு முன்பே, மொழியில் தொடங்கிவிடுகிறது. 5:1இல் மோசேயும் ஆரோனும் கர்த்தரின் செய்தியைத் தூதர்களுக்குரிய மரபுத்தொடரால் தொடங்குகின்றனர். 5:10இல் பார்வோனின் ஆளோட்டிகள் அதே தொடரை அப்படியே ஆண்டு, பேசுபவரின் பெயரை மட்டும் மாற்றுகின்றனர். ஒரே வாய்பாட்டில் இரு ஆணைகள் எதிரெதிரே நிற்கின்றன. 5:2இல் தான் கர்த்தரை அறியேன் எனப் பார்வோன் கூறுகிறான். அதன்பின் 'அறிதல்' என்னும் வினை 7:5, 7:17, 8:10, 8:22, 9:14, 9:29, 11:7, 14:4 எனத் தொடர்ந்து வருகிறது. வாதைகள் அந்த ஒற்றை மறுப்புக்கான விடைகளாக அமைகின்றன.

4.1 கையும் புயமும்

'யாத் ஹசாகா' (வலிய கை), 'செரோவா நெதுயா' (நீட்டிய புயம்) என்னும் தொடர்கள் விடுதலைக் கதையோடு பிரிக்கமுடியாதபடி இணைந்தவை. எகிப்தில் அரசனின் புயவலிமையைப் போற்றுதல் நிலைபெற்ற மரபு. கை ஓங்கிப் பகைவனை அடிக்கும் அரசனின் உருவம், ஏறத்தாழ கி.மு. 3100ஐச் சார்ந்த நார்மர் பலகை தொட்டு மூவாயிரம் ஆண்டுகள் கோயிற் சுவர்களில் இடம்பெற்றது. 'கெபெஷ்' என்னும் எகிப்தியச் சொல் வலிய கையையும் வளைந்த போர்வாளையும் ஒருங்கே குறித்தது.

இதற்கு மொழியியலார் மிகவும் மதிக்கத்தக்க சான்று அமர்னா மடல்களில் உள்ளது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட அப்தி-ஹெபா, பார்வோனுக்கு அக்காதிய மொழியில் எழுதிய மடல்களில், தன்னை ஆட்சியில் அமர்த்தியது தந்தையும் தாயுமல்லர், அரசனின் வலிய புயமே என்று பணிந்து கூறுகிறான். அவ்விடத்தில் புயத்திற்கு அவன் ஆளும் சொல் 'சுருக்'. இஃது அக்காதியச் சொல்லன்று. எபிரேய 'செரோவா' என்பதோடு இனமான கானானியச் சொல். பார்வோனைப் புகழும் எகிப்திய மரபுத்தொடர், கானான் நாட்டு மொழியில் பெயர்க்கப்பட்டு அரசவையில் வழங்கியது என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை. பார்வோனுக்கு உரியதாகக் கானான் நாட்டார் நன்கறிந்திருந்த புகழ்மொழியை எபிரேய நூல் அவனிடமிருந்து பறித்துக் கர்த்தருக்கு உரியதாக்குகிறது. ஜேம்ஸ் ஹாஃப்மையர் 1986இல் எழுதிய கட்டுரையில் இவ்விணைப்பை விளக்கியுள்ளார். எசேக்கியேல் 30:21 பார்வோனின் புயம் முறிக்கப்பட்டதாகக் கூறுவதும் இம்மரபின் தொடர்ச்சியே.

4.2 நெஞ்சு

பார்வோனின் நெஞ்சைப் பற்றி 4:21 முதல் 14:17 வரை இருபது இடங்களில் பேசப்படுகிறது. அங்கு மூன்று வேர்கள் பயில்கின்றன. 'ஹாசக்' (வலுத்தல்) பன்னிரண்டு இடங்களிலும், 'காபேத்' (கனத்தல்) ஆறு இடங்களிலும், 'காஷா' (கடினமாதல்) இரண்டு இடங்களிலும் வருகின்றன. 1611இன் ஆங்கில வேதாகமம் மூன்றையும் ஒரே வினையால் பெயர்த்தது. தமிழ் வேதாகமமும் 'கடினம்' என்னும் ஒரே சொல்லின்கீழ் மூன்றையும் அடக்கிவிட்டது.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 'ஹாசக்' என்னும் வேர்தான் மேலே கண்ட 'வலிய கை'யிலும் உள்ளது. வலுத்த நெஞ்சை வலிய கை எதிர்கொள்கிறது. 12:33இல் எகிப்தியர் மக்களை வெளியேறும்படி நெருக்கியதற்கும் இதே வேர் வருகிறது. நெஞ்சில் தொடங்கிய வலிமை இறுதியில் அந்நெஞ்சுக்கு உரியவனின் மக்களையே பற்றித் தள்ளுகிறது.

'காபேத்' என்பதன் வலை இன்னும் பெரிது. 4:10இல் மோசேயின் வாயும் நாவும் கனமானவை. 5:9இல் அடிமைகளின்மேல் வேலை கனக்க வேண்டும் என்பது அரசனின் ஆணை. 8:24இல் பூச்சித்திரள், 9:3இல் கொள்ளைநோய், 9:18இல் கல்மழை, 10:14இல் வெட்டுக்கிளி ஆகிய யாவும் கனமானவை. 14:25இல் தேர்கள் கனத்து ஓடுகின்றன. 14:4, 17, 18 ஆகிய இடங்களில் கர்த்தர் பார்வோனால் அடையும் புகழும் இவ்வேரின் மற்றொரு வடிவமே. வேலையைக் கனமாக்கினவனின் நெஞ்சு கனக்கிறது. அந்நெஞ்சின்மேல் கனமான வாதைகள் விழுகின்றன. இறுதியில் கனம் கர்த்தருக்குச் சேர்கிறது. கதையின் முழு வாதமும் ஒரு வேருக்குள் அடங்கியுள்ளது. தமிழ் வேதாகமத்திலோ இது கடினம், மந்தம், திரள், கொடிது, ஏராளம், மகிமை எனத் தொடர்பற்ற பல சொற்களாகச் சிதறிவிட்டது.

இங்கு எகிப்திய ஒப்புமை ஒன்று எடுத்துக்காட்டப்படுவதுண்டு. இறந்தோர் நூலின் 125ஆம் பகுதியை ஒட்டி வரும் ஓவியங்களில், இறந்தவனின் நெஞ்சு மாஅத்தின் இறகுக்கு எதிராகத் துலாக்கோலில் நிறுக்கப்படுகிறது. தேறாத நெஞ்சை அம்மித் என்னும் விலங்கு விழுங்கும். இதனை அடியொற்றி, பார்வோனின் கனத்த நெஞ்சு எகிப்திய அளவுகோலின்படியே குற்றமுள்ள நெஞ்சு என ஜான் கரிட் 1997இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இக்கருத்து ஈர்ப்புடையதே. ஆயினும் இதனைத் தனியே நம்புதல் கூடாது. யாத்திராகமத்தில் துலாக்கோல் இல்லை. மேலும், உறுப்பு கனத்தல் என்பது எபிரேயத்தில் அதன் தொழில் குன்றுதலைக் குறிக்கும் இயல்பான வழக்கு. ஆதியாகமம் 48:10இல் முதியவரின் கண்கள் கனக்கின்றன. ஏசாயா 6:10இல் செவிகள் கனக்கின்றன. ஆகவே கனத்த நெஞ்சு என்பது முதற்கண் உணரும் ஆற்றலை இழந்த நெஞ்சு. எகிப்தியத் துலாக்கோலின் எதிரொலி அதற்குமேல் கேட்கலாம். அடிப்படை எபிரேய வழக்கே.

4.3 பாம்பும் விழுங்குதலும்

ஓரேபில் மோசேயின் கோல் 'நாகாஷ்' ஆகிறது (4:3). பார்வோனின் முன்னிலையில் கோல் 'தன்னீன்' ஆகிறது (7:9, 10). முன்னது பாம்பு, பின்னது நீர்வாழ் பேருயிர். எகிப்தில் எபிரேய நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இவ்வேறுபாட்டைக் காத்து இருவேறு சொற்களை ஆண்டனர். இலத்தீன் வேதாகமம் வேறுபாட்டை இழந்தது. தமிழ் வேதாகமம் ஈரிடத்தும் 'சர்ப்பம்' என்றது. அதே 'தன்னீன்' ஆதியாகமம் 1:21இல் 'மச்சம்' எனவும், ஏசாயா 27:1இல் 'வலுசர்ப்பம்' எனவும், எசேக்கியேல் 29:3இல் 'முதலை' எனவும் வருகிறது. எசேக்கியேல் இச்சொல்லால் குறிப்பது நைலின் நடுவே படுத்திருக்கும் பார்வோனையே. இதனை நினைவிற் கொண்டு படித்தால், அரசன் முன் எறியப்பட்ட கோல் அரசனின் உருவத்தையே எடுத்தது என்னும் குறிப்பு தெளிவாகும்.

அக்கோல் மற்றக் கோல்களை விழுங்குகிறது (7:12). எகிப்திய மொழியில் விழுங்குதலைக் குறிக்கும் வினை அறிதலையும் குறித்தது. விழுங்கியவன் விழுங்கப்பட்டதன் ஆற்றலைப் பெறுவான் என்பது எகிப்திய மந்திர மரபின் கொள்கை. எதிர்நின்ற மந்திரவாதிகளை எபிரேய நூல் 'ஹர்தும்மீம்' என்கிறது. எகிப்தியக் கோயில்களில் மறைநூல் ஓதிய தலைமைக் குருவின் பட்டப்பெயரிலிருந்து கடன் பெற்ற சொல் அது. எகிப்தியப் பட்டம் தாங்கியோர், அவர்களுடைய கலையின் விதிப்படியே தோற்கின்றனர்.

4.4 பணி

விடுதலைக் கதையின் அடிநாதமாக ஒலிப்பது 'அவோதா' என்னும் சொல். அடிமை வேலை, தெய்வ வழிபாடு ஆகிய இரண்டையும் இஃது ஒருங்கே குறிக்கும். 5:18இல் பார்வோன் மக்களை நோக்கிப் போய் வேலை செய்யுமாறு விரட்டும்போது ஆளும் ஏவல்வினையும், 10:8இல் போய்க் கர்த்தரை வழிபடுமாறு இசையும்போது ஆளும் ஏவல்வினையும் ஒன்றே: 'இவ்து'. மக்கள் எவருக்குப் பணிசெய்வர் என்பதே முழு மோதலின் பொருள். தமிழ் வேதாகமம் முன்னதை வேலை எனவும் பின்னதை ஆராதனை எனவும் பிரித்துவிட்டமையால், பார்வோனின் வாயிலிருந்தே அவனுடைய தோல்வி ஒலிப்பதைத் தமிழ்ப் படிப்பாளர் கேட்க இயலாமற் போகிறது.

5. தமிழில் இயல்வது

மூலத்தின் சொற்பின்னலைத் தமிழில் காக்கவே முடியாது என்று கூறுவோர் உண்டு. மேற்கண்ட வேர்களைப் பொறுத்தவரை இக்கூற்று சரியன்று. தமிழில் 'வல்' என்னும் அடி வலிமையையும் இரக்கமின்மையையும் ஒருங்கே தரும். வன்கை, வன்னெஞ்சு என்னும் இரண்டும் அவ்வடியில் பிறந்தவையே. 'ஹாசக்' என்பதன் இரட்டைப் பயனை ஆங்கிலத்தினும் தமிழ் இயல்பாகத் தரவல்லது. 'காஷா' என்பதற்குக் 'கடினம்' என்பதையே வைத்துக்கொள்ளலாம்.

'அவோதா' என்பதற்குப் 'பணி' பொருந்தும். பணி என்னும் பெயர் வேலையையும் தொண்டையும் குறிக்கும். பணிதல் என்னும் வினை வணங்குதலைக் குறிக்கும். ஆராதனை என்னும் வழிபாட்டுச் சொல்லுக்குப் பழகிய சபையினர் முதலில் தயங்கலாம். ஆயினும் கதையின் போக்கு அத்தயக்கத்தைத் தானே போக்கிவிடும்.

'காபேத்' மட்டுமே உண்மையில் இடர் தருவது. தமிழில் கனம் என்பது எடையையும் மதிப்பையும் குறிக்கும். பத்துக் கட்டளைகளில் பெற்றோரை மதிக்கச் சொல்லும் இடத்தில் (20:12) இவ்வெபிரேய வேரைத் தமிழ் வேதாகமம் 'கனம்பண்ணுதல்' என்றே பெயர்த்துள்ளது. எனவே வேலை, வாதை, தேர், புகழ் ஆகியவற்றுக்குக் கனம் தடையின்றிப் பொருந்தும். இடர் நெஞ்சில்தான். நெஞ்சு கனத்தது என்றால் தமிழர்க்குத் தோன்றுவது துயரம். பார்வோன் வருந்தினான் எனப் பொருள்பட்டுவிட்டால் கதை தலைகீழாகிவிடும். 'நெஞ்சு கனத்து உணர்விழந்தது' என்பதுபோல் ஒரு விளக்கச் சொல்லைச் சேர்த்தால் இத்திரிபைத் தவிர்க்கலாம். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்க்கும் குறை இதில் உண்டு. ஆறு இடங்களில் இக்குறையை ஏற்று, பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஓடும் வேரைக் காப்பது தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வேறு வழி காண்போர் அதனை முன்வைத்தல் வரவேற்கத்தக்கது.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன: வாதைகளையும் தெய்வங்களையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைக்கும் அட்டவணை மூலத்தில் இல்லை. 12:12 தரும் தொகுப்புரையே அதற்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம். அத்தொகுப்புரை அட்டவணைக்கு இடந்தரவில்லை. எகிப்தியச் சமயத்தோடு நூலாசிரியர் நிகழ்த்தும் எதிர்வாதம் புயம், நெஞ்சு, பேருயிர், பணி, அறிதல் ஆகிய சொற்களில், பெரும்பாலும் அரசனைச் சூழ்ந்த வழக்கில் நிகழ்கிறது. அவற்றுள் புயத்தைப் பற்றியது அமர்னா மடல்களால் உறுதிப்படுவது. நெஞ்சின் எடையைப் பற்றியது ஐயத்திற்கு இடமளிப்பது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது.

அட்டவணையால் விளையும் தீங்கு இருவகைப்பட்டது. ஒருபுறம், மூவாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சமயத்தை, தோற்றவர்களின் பெயர்ப்பட்டியலாக அது சுருக்கிவிடுகிறது; ஹாபி வெள்ளமா நதியா என்று கேட்கவும் அது பொழுது தருவதில்லை. மறுபுறம், எபிரேய நூலாசிரியரின் கூரிய சொல்லாட்சியை மறைத்துவிடுகிறது. அவர் எகிப்திய அரசவையின் சொற்களை நன்கறிந்து, அவற்றையே எடுத்து, அவற்றின் உரிமையாளரை மாற்றினார். எதிரியின் மொழியைக் கல்லாதவர் இதனைச் செய்திருக்க இயலாது. அடிக்குறிப்பில் ஒரு தெய்வத்தின் பெயரைச் சேர்ப்பது எளிது. ஒரு வேர் நூல் முழுதும் ஓடுவதைக் கண்டு, அதனைத் தமிழில் ஓடவிடுவது அரிது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு பின்னதற்கே செலவாதல் வேண்டும்.